ரேங்க் போடாத பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் ஆஸ்டினில் ஓர் அரசு மேக்னட் பள்ளியின் வாசலில் காரில் காத்திருக்கிறோம். தேர்வெழுதி இடம் பிடித்த பிள்ளைகள், கறுப்பு, வெள்ளை, சீனம், நம் ஈரோடு என்று எல்லா முகங்களுமாக ஒரே கதவு வழியாக வெளியே கொட்டுகிறார்கள்.

"நித்யா எத்தனாவது ரேங்க்?" பழக்கதோஷத்தில் கேட்டுவிடுகிறேன்.

"இங்க ரேங்கே போட மாட்டாங்கண்ணா," என்கிறாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் என் சித்தி மகள், நித்யாவின் அம்மா கலா. "ரிப்போர்ட் கார்டு வந்ததும் நாலு தமிழ் வீட்டுக்காரங்க போன்ல மார்க்கைக் கேட்டு நாங்களே போட்டுக்குவோம். நித்யாதான் ஃபர்ஸ்ட்."

பின்கதவைத் திறந்து ஏறும் நித்யா சிரிக்கிறாள். வாசலில் கையசைக்கும் மெக்சிகோப் பெண்ணைக் காட்டுகிறாள்.

"நோ அம்மா. எலேனா காட் மோர் தேன் மீ."

கலா வண்டியைக் கிளப்பவில்லை.

"எறங்கு. அவங்க அம்மா போன் நம்பரை வாங்கிட்டு வா."