கேட்டுப் பார்க்கிறவன்

"வெளியவே நில்லுங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது. என் சகலை தலையை ஆட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையைச் சுற்ற ஆரம்பிக்கிறான். பறப்பதற்கு முன் வீட்டில் நடக்கும் ஒத்திகை இது. கையில் ஒரு பழைய டூத் பிரஷ். அதுதான் விமானம். மேசைதான் நகரத்துக்கு வெளியே இருக்கும் ஏரி. ஃபிரிட்ஜ்தான் பெரிய விமான நிலையம். அதன் கதவில் வான்வெளி மேப்பைக் காந்தங்களால் ஒட்டிவைத்திருக்கிறான். ஒரு சுற்று முடிந்ததும் ஃபிரிட்ஜின் முன்னால் நின்று, உள்ளே வரலாமா என்று பணிவாக மறுபடி கேட்கிறான். "முடியாது! வந்த வழியே திரும்பிப் போங்க!" என்கிறாள், விமான நிலையக் கட்டுப்பாட்டு டவராக நடிக்கும் அவன் மனைவி. அவள் என் மனைவியின் தங்கை.

"கல்யாணமாகி எனக்குக் கிடைச்ச ஒரே அதிகாரம் இதுதான். விடுவேனா?" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொல்கிறாள்.

அவன் பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவன். பதிலை எதிர்பார்க்காமல், அவசரமில்லாமல், ஒரே சுருதியில் பேசுவான். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்... அவ்வளவுதான்... இப்ப நல்லா கொப்பளிங்க." இந்தக் கொப்பளிங்க என்ற சொல் அவன் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் மாமனார் கோபமாக ஏதோ கத்தி முடித்த ஒருநாள், பழக்கத்தில் அவரிடமும் "கொப்பளிங்க மாமா" என்றுவிட்டான். அதற்கும் வீடே சிரித்தது. நான் சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு வாரம் சோறு கிடைத்திருக்காது. அதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். ஆமாம், பொறாமைதான்.

ஏன் இருக்காது? இவனைப் பறக்கும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இவனுக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல், "வாப்பா, சும்மா பாரு" என்று அழைத்துப் போனேன். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்? இப்போது கிளப்பில் யாரைக் கேட்டாலும், "டாக்டர் நகரத்துக்கு நடுவுலயே போயிட்டு வர்றவராச்சே" என்கிறார்கள். என்னை "டாக்டரோட சகலை" என்கிறார்கள்.

நகரத்துக்கு நடுவே போவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், கையில் ஒரு ஃபிளாஸ்க்கோடு குறுக்கே கடக்க அனுமதி கேட்பது மாதிரி. பெரிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் வானம் அது. நான்கு பேர் உட்காரும் எங்கள் ஒற்றை எஞ்சின் வண்டி அங்கே ஒரு கொசு. ஏரிக்கு மேலே வந்ததும் ரேடியோவில் டவரைக் கூப்பிட்டு, நான் இன்னார், இந்த உயரம், இந்த வழி, வரலாமா என்று கேட்க வேண்டும். வா என்றால் போகலாம். நில் என்றால் ஏரியையே சுற்ற வேண்டும். முடியாது என்றால் நகரத்தைச் சுற்றிக்கொண்டு, மலையோரமாக, நீண்ட வழியில் போக வேண்டும்.

நான் எப்போதும் மலையோரமாகவே போகிறவன். ஒரே ஒருமுறை கேட்டேன். "வெளியே நில்" என்றார்கள். அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை விமானிகள் காதிலும் அது விழுந்தது. எனக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. அதன்பிறகு கேட்பதில்லை. வீட்டில், மலைப்பக்கம் காட்சி நன்றாக இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஊரைச் சுற்றிச் சுற்றிப் போக பஸ்ஸே போதும் என்று என் மனைவி இதுவரை என் விமானத்தில் ஏறியதே இல்லை.

"நீங்க ஏண்ணா உள்ள கேக்கறதே இல்ல?" என்று சகலை ஒருநாள் கேட்டான்.

"பெட்ரோல் மிச்சம்ப்பா," என்றேன். சுற்றுவழிக்குத்தான் பெட்ரோல் அதிகம். அது அவனுக்குத் தெரியாதா? வலிக்கவே இல்லை டாக்டர் என்று சொல்லும் நோயாளியைப் பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தான்.

அவன் திட்டம் போடும் முறையே தலைகீழ். யாராக இருந்தாலும் போகும் வழியை முதலில் வரைவார்கள். இவன் முடியாது என்றால் போகும் வழியை முதலில் வரைவான். எந்த இடத்தில் திரும்புவது, எந்தப் பக்கம் சாய்வது, எவ்வளவு நேரம் ஏரியைச் சுற்றினால் கிளம்பிவிட வேண்டும், வழியில் எந்த ஓடுதளத்தில் இறங்கலாம் என்று அத்தனையும் பார்த்துப் பார்த்துக் குறிப்பான். அது முடிந்தபிறகுதான் காத்திருக்கும் வழி. கடைசியாக, போனால் போகிறது என்று, உள்ளே போகும் வழியை மெல்லிசாக ஒரு பென்சில் கோடு. "முடியாதுன்னு சொன்னா உக்காந்து அழறதுக்கும் சேர்த்துதான்ணா பெட்ரோல் போடறேன்," என்பான். கேட்டால் என்ன குறைந்துவிடும் என்பது அவன் கட்சி. குறையாதவனுக்கு என்ன, சொல்வான்.

இந்த முறை திட்டம் என் மனைவிக்காக. அவள் பாலம் கட்டும் பொறியாளர். நகரத்து ஆற்றின்மேல் அவள் குழு கட்டிய பாலம் திறந்தாகிவிட்டது. "கீழ இருந்து ஒவ்வொரு போல்ட்டா பாத்தாச்சு. மேல இருந்து முழுசா ஒருதடவை பாக்கணும்," என்றாள். என் நெஞ்சு நிமிர்ந்தது. என் பக்கம் திரும்பி, "அவரைக் கேளுங்களேன். அவர்தான் உள்ள போயிட்டு வருவாரே," என்றாள். கட்டின புருஷனிடம் சொல்கிற பேச்சா இது? சரி, கேட்கிறேன் என்றேன்.

அவன் உடனே குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "அக்கா, செருப்பைக் கழட்டாம ஏறுங்க. கைப்பையும் சேர்த்து. பிளேன்கிட்ட பொய் சொல்ல முடியாது." என் எடையைப் பார்த்ததும் என்னை முன் சீட்டுக்கு மாற்றினான். பின்னால் உட்கார்ந்தால் வால் தாழ்ந்துவிடுமாம். மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கிழக்குக் காற்று அடித்தால் பெரிய விமானங்கள் பாலத்தின்மேல் தாழ இறங்கும், அன்றைக்குக் கேட்பதே வீண். மேற்குக் காற்று என்றால் அதே இடத்தில் உயர ஏறிப் போய்விடும், கீழே நமக்கு இடமிருக்கும் என்று விளக்கினான். மேற்குக் காற்றுக்காக இரண்டு ஞாயிறுகள் காத்திருந்தோம். மூன்றாவது ஞாயிறு வந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு மேலே வந்தபோது, இவனுக்கு இன்றைக்கு டவர் முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். பின்னால் என் மனைவி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அப்படியும் வேண்டிக்கொண்டேன். அவன் மடியிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான். பேசுவதற்கு முன்னால் எப்போதும் ஒரு மடக்கு. பிறகு ரேடியோ பொத்தானை அழுத்தி, நோயாளியிடம் பேசும் அதே குரலில் கேட்டான்.

டவர் யோசிக்கக்கூட இல்லை. வா, ஆற்றைப் பிடித்துக்கொண்டு நேராக வா என்றது. அவன் அதை வார்த்தை தவறாமல் திருப்பிச் சொன்னான். சொல்லிவிட்டு விமானத்தை இடப்பக்கம் சாய்த்து ஏரியைச் சுற்ற ஆரம்பித்தான்!

வாய் சரி என்றது, கை சாப்பாட்டு மேசையைச் சுற்றுகிறது. வீட்டில் அத்தனை நாள் "முடியாது" என்ற பதிலையே வாங்கிப் பழகிய கை. எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. தோளைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆகா, சுற்றடா ராஜா, சுற்று என்று உட்கார்ந்திருந்தேன்.

"எங்கே போகிறீர்கள்?" என்றது டவர்.

நானாக இருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பி, கிளப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டேன். இவன், "என் தப்பு. பழக்கத்துல சுத்திட்டேன். இதோ வர்றேன்," என்றான். டவர்காரரின் சிரிப்பு ஹெட்செட்டில் கேட்டது. பின்னாலிருந்து என் மனைவியும் சிரித்தாள். தப்புப் பண்ணி ஒருவன் நல்ல பெயர் வாங்குவானா? இவன் வாங்கினான். அவன் தப்பின்மேலும் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

பாலம் வலப்பக்கம் வரும்படி அவன் வழி போட்டிருந்தான், அவள் உட்கார்ந்திருந்த பக்கம். ஆறு திரும்பும் இடத்தில் அது வெள்ளையாக, முழுசாகத் தெரிந்தது. "அதோ, அந்த நடுத் தூண்! அதுக்காகத்தான் நான் அவ்வளவு சண்டை போட்டேன்!" என்றாள் என் மனைவி. அந்தச் சண்டைகளுக்குப் பிறகு வீடு திரும்பி அவள் பேசாமல் படுத்துக்கொண்ட நாட்களெல்லாம் எனக்குத் தெரியும். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் நனைந்திருந்தது. சகலை பாலத்தைப் பார்க்கவே இல்லை. வேறு விமானம் வருகிறதா என்று இடப்பக்க வானத்தையே துழாவிக்கொண்டிருந்தான்.

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா," என்றாள் அவள். மூன்று ஹெட்செட்டிலும்தான் கேட்டது. ஆனால் அவனுக்குத்தான் சொன்னாள். என் காதில் புகை வந்தது. "திரும்பிப் போறப்பவும் இந்த வழிதானே? இன்னொருதடவை பாக்கலாம்ல?"

"கேட்டுப் பாக்கலாம்க்கா," என்றான் சகலை.

நகரத்தின் வடக்கு எல்லையைத் தாண்டி ஒரு வட்டமடித்துத் திரும்பினோம். சிமென்ட் ஆலையின் புகைபோக்கிக்கு நேராக வரும்போது மறுபடி அனுமதி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மலையோரத்து வழிதான். அது எனக்கு மனப்பாடம். புகைபோக்கி நெருங்கியது. சகலை வழக்கம்போல பாட்டிலைத் திறந்து வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். மூடினான். பொத்தானை அழுத்தவில்லை. ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகைப் பென்சிலால் என் பக்கத்துப் பொத்தானைத் தொட்டுக் காட்டினான்.

"என்னப்பா?" என்றேன். கன்னத்தைக் காட்டினான். வாய் நிறையத் தண்ணீர், பேச முடியாதாம்.

அடப்பாவி! முழுங்கித் தொலையேன் என்று கண்ணால் கெஞ்சினேன். என் வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டவர் முடியாது என்றால் ஹெட்செட்டில் அவள் காதிலும் விழும், பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்வதுபோல.

"என்னங்க, யாராவது கேளுங்களேன்," என்றாள் என் மனைவி. "நீங்கதான் கேளுங்களேன்."

சகலை இரண்டு கன்னமும் உப்ப, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் பொத்தானை அழுத்தி வாயைத் திறக்கும்வரை அவன் விழுங்கவே இல்லை.