பக்கத்தில் நின்றவர் சொன்ன கதை

மருத்துவ மாணவர்கள் ஆறு பேரை ஒரு மாதப் பயிற்சிக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருகோணமலை என்றால் மூக்கைச் சுளிக்கிற பிள்ளைகள்தான் அதிகம். இவர்களும் சுளித்துக்கொண்டேதான் வந்து இறங்கினார்கள். வெளிநோயாளர் பிரிவில் அவர்களை மேய்க்கிற வேலை, அங்கே வைத்தியராக இருந்த என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. படிப்பிப்பது எனக்குப் பிடிக்கும், ஏசுவது அதைவிடப் பிடிக்கும்.

பாடத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துப் படிப்பித்தேன். ஆசை காட்டிக் கூட்டிக்கொண்டு போய், வீடுகளிலும் கடைகளிலும் அடைத்துவைத்து வேலை வாங்கப்படுகிறவர்களை ஒரு வைத்தியர் எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் அது. அப்படியானவர்கள் வெளி மனிதரின் முகத்தைப் பார்க்கிற இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி ஒன்றுதான். நோய் வருத்தம் முற்றினால் கொண்டுவந்துதானே ஆகவேண்டும். இதைச் சொன்னதும் ஒரு மாணவன் சிரித்துவிட்டான். உயரமான, ஓயாமல் கதைக்கிற பொடியன்.

"மிஸ், ஹாபர் முழுக்க நேவி நிக்குது. ஆக்களை ஏத்திக்கொண்டு கப்பல் எப்பிடி வெளிக்கிடும்?"

"கப்பலைத் தேடாதையும். வீடுகளிலை சமைக்கிற குசினியைப் பாரும்," என்றேன்.

அவன் கொப்பியில் ஏதோ எழுதினான். அது பாடமா என்னுடைய கேலிச்சித்திரமா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டாவது கிழமை, புதன்கிழமை காலை, அவன்தான் ஒரு நோயாளியைப் பற்றி வந்து சொன்னான். பத்தொன்பது வயதுப் பெண். காய்ச்சல். இடது கையில் சீழ்பிடித்த எரிகாயம். இடம்பெயர்ந்து வந்தவள், ஷெல் சத்தத்துக்குப் பயந்து பேச்சுக் குறைந்துபோய்விட்டது, சரியாகச் சாப்பிடுவதில்லை, தோசைக்கல்லில் கையைச் சுட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னான்.

"இதெல்லாம் அவ சொன்னவவோ?"

"இல்லை மிஸ். கூட வந்த அன்ரி சொன்னவ. அந்தப் பிள்ளை கதைக்கிறா இல்லை."

எங்கள் ஊர் வழக்கம் இது. நோயாளி கதிரையில் இருப்பார், வருத்தத்தைப் பக்கத்தில் நிற்பவர் சொல்வார். தாய்க்கு மகன் சொல்வான், பெண்சாதிக்குப் புருஷன் சொல்வான். யுத்தம் அதை இன்னும் சுலபமாக்கியிருந்தது. யார் வாய் திறக்காமல் இருந்தாலும் ஷெல்லுக்குப் பயம் என்று எழுதி, விற்றமின் கொடுத்து அனுப்பிவிடுவோம். நானும் எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

நான் ஏசத் தொடங்குவதற்கு முதல் அவனே தலையைச் சொறிந்தான்.

"ஒண்டு மட்டும் ஒரு மாதிரிக் கிடந்தது மிஸ். விலாசம் எழுத ஐ.சி. கேட்டனான். அந்தப் பிள்ளையின்ரை ஐ.சி.யை அன்ரிதான் தன்ரை ஹான்ட்பாக்கிலையிருந்து எடுத்துத் தந்தவ. பிறகு தானே வாங்கி வைச்சிட்டா."

ஏசத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த வருஷங்களில் எங்கள் நகரத்தில் பாண் வாங்கப் போகிறவர்கூட அடையாள அட்டையைத் தன்னிடம்தான் வைத்திருப்பார். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, அட்டையை அவரவரே நீட்டவேண்டும். வளர்ந்த ஒரு பெண்ணின் அட்டை இன்னொருத்தியின் பைக்குள் இருந்தால், அந்தப் பெண்ணால் தெருமுனையைத் தாண்ட முடியாது.

"கெட்டிக்காரன்," என்றேன். அவன் நம்பாமல் பார்த்தான். அந்தச் சொல்லை நான் இலகுவில் செலவழிப்பதில்லை.

போய்க் காயத்தைப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே, வெளிப்பக்கமாக, பழையதும் புதியதுமாக மூன்று காயங்கள். தோசை சுடுகிறவருக்கு அந்த இடத்தில் சுடாது. அன்ரி நல்ல சேலை கட்டிய, மரியாதையாகக் கதைக்கிற மனுசி.

"சொந்தப் பிள்ளை மாதிரி வளக்கிறன் டொக்டர். மருந்தைத் தந்தியளெண்டா வெளிக்கிட்டிடுவம்," என்றார்.

மருந்தோடு வெளிக்கிட்டால் அடுத்த முறை அவளை எந்த நிலையில் கொண்டுவருவாரோ, கொண்டே வருவாரோ தெரியாது. "வாட்டிலை மறிக்கவேணும்," என்றேன். அது பொய் இல்லை. காயம் அந்த அளவுக்கு மோசமாக இருந்தது. "பதியிறதுக்கு ஐ.சி. வேணும். தம்பி உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்."

அந்த மாணவனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் விளங்கிக்கொண்டான். பதிவு வரிசையில் அந்த மனுசியை நிறுத்திவைத்து, பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பிள்ளைகளின் கலியாணம் என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தானாம். கடைசியில், வாட்டில் நிற்கிற ஆளின் அட்டை அந்த ஆளிடம்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் பேசி அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அப்படி ஒரு சட்டம் எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை.

மருந்து கட்டுகிற அறையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். காயத்தைக் கழுவி முடித்தேன். அவன் அட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் கதைக்கத் தொடங்கினாள். குச்சவெளிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். தகப்பன் இல்லை. தாயோடு அகதி முகாமில் இருந்தபோது, திருகோணமலை ரவுணில் படிக்க வைக்கிறோம், வீட்டில் கொஞ்சம் கைவேலை செய்தால் போதும் என்று கூட்டிவந்தார்கள். ஒன்றரை வருஷமாகப் படிப்பும் இல்லை, சம்பளமும் இல்லை, தாயோடு ஒரு கதையும் இல்லை.

"உடுப்பு சரியா மினுக்காட்டி அயன் பெட்டியை வைப்பா," என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

எனக்கு வந்த கோபத்தில் கட்டு கோணலாகிவிட்டது. கட்டை அவிழ்த்து இரண்டாம் முறை கட்டினேன்.

அடுத்த மூன்று நாளும் நிற்க நேரமில்லாமல் ஓடினேன். அன்ரி பின்னேரம் பின்னேரம் சாப்பாட்டோடு வந்தார். வாட்டுத் தாதி வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். நான் முகாமுக்குப் பொறுப்பானவர்களைப் பிடித்துக் கதைத்து, திங்கட்கிழமைக்கு ஒரு வாகனம் ஒழுங்குபண்ணினேன். பிள்ளையைப் பெற்றவளிடம் சேர்த்துவிடலாம். அந்த நாட்களில் எங்கள் எல்லாருடைய புத்தியும் அந்த ஒரு வழியில்தான் ஓடும். சிதறிப்போன யாரைக் கண்டாலும் அவரவர் ஆட்களிடம் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். ஞாயிறு காலை மாணவர்களைக் கூப்பிட்டு என் ஏற்பாட்டையெல்லாம் விளக்கினேன். குரலில் பெருமை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"மிஸ், அந்தப் பிள்ளைக்கு முகாமுக்குப் போக விருப்பமோ?" என்றான் உயரமானவன்.

"தாயிட்டைப் போக ஆருக்கு விருப்பமில்லாமல் இருக்கும்?"

"அப்பிடியில்லை மிஸ்... நாங்கள் இன்னும் கேக்கேல்லை."

மற்ற ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவனையும் கூட்டிக்கொண்டு விறுவிறென்று வாட்டுக்குப் போனேன், அவனுடைய கேள்வி எவ்வளவு வீண் என்று காட்டுவதற்காகத்தான்.

அவள் கட்டிலில் எழும்பி இருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. நாளைக்கு முகாமுக்கு வாகனம் வருது, சந்தோஷம்தானே என்று கேட்டேன். அவளுடைய முகம் வெளுத்துப்போனது.

"அங்கை வேண்டாம் டொக்டர். என்னை அன்ரியிட்டைப் பிடிச்சுக் குடுத்தவர் அங்கைதான் இருக்கிறார். அம்மா அவரை நல்ல மனுசன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. நான் போனா இன்னொரு வீட்டுக்கு அனுப்பிப்போடுவார்."

நான் ஒழுங்குபண்ணின வாகனத்தில், என் கையெழுத்தோடு, அவளை அந்த ஆளிடமே கொண்டுபோய் இறக்கியிருப்பேன். மாணவன்தான் கேட்டான்:

"அப்ப எங்கை போக உங்களுக்கு விருப்பம்?"

"அன்புவழிபுரத்திலை சின்னம்மா இருக்கிறா. அம்மாவின்ரை தங்கச்சி."

ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரம். அவன் உடனேயே விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனான். மத்தியானத்துக்கு முதல் சின்னம்மா வந்துவிட்டார். அக்காவின் மகள் முகாமில் தாயோடு இருக்கிறாள் என்றே அவர் அதுவரை நினைத்திருந்தார். காயங்களைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, அக்காவைத் தானே போய்க் கூட்டிவருவதாகவும், அந்த ஆளின் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். பொலிசுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தாய் வந்த பிறகு யோசித்துச் சொல்வதாக அவள் சொன்னாள். நான் சரி என்றேன்.

அவர்கள் வெளிக்கிடுகிற நேரம் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சின்னம்மா இருக்கிறா எண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

அவள் கோபப்படவில்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும் வந்தனீங்கள் டொக்டர். ஒருநாளும் கட்டிலடிக் கதிரையிலை இருக்கேல்லை. இருந்தா சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."