லிண்டா அம்மாவின் சிவப்புக் கார்

இந்த மெல்பர்னில் கார் மேல் விரலால் பெயர் எழுத முடியாது. தூசி இல்லை. நம் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓடும் சாலையில், காலையில் துடைத்து நிறுத்திய காரில் மதியத்துக்குள் முழு விலாசமே எழுதலாம். அந்தத் தூசியில்தான் நான் ஆளானேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பெரம்பலூர் ரோட்டில் சொந்தமாகப் பெயிண்ட் ஷெட் போட்டேன். பாலிஷ் மெஷினைப் பிடித்தால் இரண்டு மாவட்டத்திலும் எனக்கு நிகர் கிடையாது. இதை ஊரே சொல்லும். ஊர் தூரத்தில் இருப்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

மகள் செல்வியோடு இங்கே குடிவந்த பிறகு கை சும்மா கிடந்தது. பக்கத்து வீட்டு லிண்டா அம்மாவின் பழைய சிவப்புக் கார், வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு பூத்தது போல நின்றது. காலமான கணவர் வாங்கிய கார். சனிக்கிழமை மகனுக்குக் கல்யாணம்; அதில்தான் போக வேண்டும் என்று ஆசை, இந்தக் கோலத்தில் எப்படிப் போவது என்று கவலை. செல்வி இதைச் சொன்னதும், நாளைக்கே கண்ணாடி ஆக்கிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டினேன். மருமகனின் மெஷினில் வெள்ளைப் பஞ்சைப் பொருத்தி, காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசையைத் தடவி, பானட்டில் ஓட்டினேன். சுற்றிய வேகத்தில் பஞ்சு ரத்தச் சிவப்பானது. லிண்டா அம்மா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"அப்பா, இருக்கற பெயிண்டும் போவுதுன்னு அழுவுறாங்க," என்றாள் செல்வி.

"செத்த பெயிண்ட்தான் வருது. உசுரு உள்ள இருக்குன்னு சொல்லு."

"அத நான் எப்படி இங்கிலீஷ்ல சொல்றது? உங்க பெருமைய ஊர்லயே வச்சிட்டு வந்திருக்கலாம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. பழைய பெயிண்ட் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? மெஷின் ஒரே இடத்தில் நின்றால் சூடேறி அடிப்பூச்சு தெரிந்துவிடும். சனிக்கிழமைக்குள் புதுப் பெயிண்ட் அடிக்க வழியில்லை. ஒரு துணியை லிண்டா அம்மா கையில் கொடுத்து, ஓட்டிய இடத்தைத் துடைக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். துடைத்தார். அந்தச் சிவப்பில் அவர் முகம் தெரிந்தது. குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தவர், தானே போய்ப் பிளக்கைச் செருகினார். பெயிண்ட் மெலிந்திருக்கும் மேட்டு விளிம்புகளை மட்டும் கையாலேயே தேய்த்தேன். மெழுகு போட்டு முடித்தபோது தெருவே கூடி நின்று பார்த்தது. சரி, மூன்று பேர்.

கல்யாணத்தன்று காலையில், சிறுவாச்சூர் காளி கோயில் வாசலில் புது வண்டிக்குச் செய்வது போல, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். புறப்பட வந்த லிண்டா அம்மா, எங்கள் மரத்துப் பழம் உருண்டு வந்துவிட்டதாக நினைத்து, பொறுக்கிக் கழுவி எங்களிடமே கொண்டுவந்து நீட்டினார். செல்வி விளக்கினாள். அவர் திரும்பிப் போய்த் தன் கையாலேயே வைத்து, காரை ஏற்றி நசுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

கல்யாணம் ஏதோ பண்ணையில் நடந்ததாம். மண் சாலை. மறுநாள் கார் உடம்பெல்லாம் தூசியோடு வந்து நின்றது. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. டிக்கி மேல் அரியலூர் என்று எழுத விரலை நீட்டிவிட்டேன். தூசியில் விரலை இழுத்தால் பாலிஷில் கீறல் விழும். என் ஷெட்டில் அப்படி எழுத வந்தவர்களை விரட்டியவன் நான். அதனால் தூசியைத் தொடாமல், அதற்கு ஒரு விரற்கடை மேலே, காற்றில் முழுசாக எழுதிவிட்டு வாளியை எடுக்கப் போனேன்.