மாதா நீலக் காரும் குழாயில் வந்த ஊய்ங் சத்தமும்

முக்கால் நூற்றாண்டு லேட்டாக ஒரு அப்டேட்!

(அப்போது பேஸ்புக் இருந்திருந்தால் அன்று சாயந்திரமே போட்டிருப்பேன். இல்லாமல் போனது என் குற்றமா?)

இன்று காலை பேரன் காரில் ஜெயங்கொண்டம் போனோம். பாட்டு போட்டான். பாட்டுக்குப் பின்னாலேயே "ஊய்ங்ங்" என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது.

"எர்த் சரியில்லடா" என்றேன்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னையே பார்த்தான். அவனிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்த புதிது. எனக்குக் கல்யாணம் ஆனதும் புதிது. என் வீட்டுக்காரர் சவரிமுத்து பஸ் டிரைவர் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய காரை வாங்கி, அதில் மைக் செட் மாட்டினார். கூரையில் குழாய் ஸ்பீக்கர், சீட்டுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர் பெட்டி. எங்கள் பக்கத்தில் அதுவரை எதை அறிவிப்பதென்றாலும் தமுக்குதான்.

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

"திருவிழாக் கொடியேத்தத்த ஊரூரா போயி சொல்லு சவரி. நல்லாக் கேட்டுச்சுன்னா வருஷா வருஷம் ஒனக்குத்தான். இல்லேன்னா நமக்குத் தமுக்கே போதும்."

இவருக்குத் தலைகால் புரியவில்லை! "திருவிழாவுக்கு ஓடுற வண்டி மாதா நெறத்துலதான் இருக்கணும்" என்று மொத்த வண்டிக்கும் நீலப் பெயிண்ட் அடித்தார். வெளியே, உள்ளே, சீட்டையும் பெட்டியையும் கழற்றித் தரையில் கூட! (என்னை மட்டும்தான் விட்டு வைத்தார்.) சாமியாரும் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார்.

கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. இன்ஜினை ஓடவிடாமல் "மகா ஜனங்களே" என்றார். கணீர் என்று கேட்டது.

இன்ஜினைக் கிளப்பினார்.

ஊய்ங்ங்ங்!

மகா ஜனங்களைக் காணோம். ஊய்ங் மட்டும்தான்.

குழாயை மாற்றினார். மைக்கைப் பிடுங்கினார். அப்போதும் ஊய்ங். முகம் செத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். விட்ட வேலையைத் திரும்பக் கேட்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அழுகையே வந்துவிட்டது.

அப்போது கோயிலிலிருந்து வந்தாள் என் நாத்தனார் லூர்து. பாட்டுக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவள். முப்பது பேர் பாடினாலும் யார் சுருதி விலகினார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். (நான் பாடினால் மட்டும் கண்ணைத் திறந்துவிடுவாள். அதனால் எங்களுக்குள் அவ்வளவாகப் பேச்சு இல்லை.)

"அண்ணே, வண்டிய வேகமா உறும வுடு... இப்ப கொறை." கூடவே அவளும் மெல்ல இழுத்துப் பார்த்தாள். "சுருதி இன்ஜினோட ஏறி, இன்ஜினோடயே எறங்குது. கொழா மேல தப்பு இல்லண்ணே. இன்ஜின் சத்தம் எது வழியாவோ உள்ள வருது."

அவர் திரும்பவும் ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். இவள் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று, "நில்லு! இப்ப என்ன செஞ்ச?"

"ஒண்ணுஞ் செய்யலியே."

"ஒரு கணம் நின்னுச்சு. அதையே திரும்பச் செய்யி!"

ஊய்ங் நின்றது எனக்குக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைப் பழையபடி வைத்துப் பார்த்தார். ஒரு முனை பெட்டி மேல், மறு முனை கியர் கம்பி மேல்.

ஊய்ங் போயே போச்சு!

அவ்வளவுதான், அவருக்கு விளங்கிவிட்டது. "எர்த்து! பெட்டியோட எர்த்து போல்ட்ட நான் தரையில பெயிண்டு மேலயே முடுக்கிட்டேன். இரும்போட இரும்பு ஒட்டல."

"அப்ப சொரண்டு."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "மந்திரிச்ச பெயிண்டு லூர்து. மாதா நீலம். அதுல நான் எப்புடி கத்தி வெப்பேன்?"

எவ்வளவு சொல்லியும் மனுஷன் அசையவில்லை! பொழுது போய்க்கொண்டே இருந்தது.

லூர்து என்னைப் பார்த்தாள். "அண்ணி, அருவாமனையக் கொண்டாங்க."

கொடுத்தேன். வண்டிக்குள் தவழ்ந்துபோய், சிலுவை போட்டுக்கொண்டு கேட்டாள்: "மாதாவுக்குப் பெயிண்டு தெரியணுமா, சேதி கேக்கணுமா?"

கரக் கரக் கரக்.

காலணா அளவுக்கு இரும்பு பளபளத்தது. போல்ட்டை முடுக்கி இன்ஜினைக் கிளப்பினோம். குழாயில் ஒரு பொட்டு ஊய்ங் இல்லை.

இவர் மைக்கை எடுத்தார். "நீதான கேக்க வெச்ச, நீயே சொல்லு" என்று மைக்கைத் தங்கச்சியிடம் நீட்டினார்.

அன்று ஊர் ஊராக லூர்துதான் பேசினாள். பொம்பளைக் குரல் குழாயில் வருகிறது என்று எல்லா ஊரிலும் ஜனம் வாசலுக்கு ஓடி வந்தது. "யாருய்யா பேசறது?" என்று கேட்டவர்களிடமெல்லாம் இவர் தலையை வெளியே நீட்டி, "எந் தங்கச்சி!" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்குத் தமுக்கு அடிக்கவில்லை. வருஷா வருஷம் அந்தக் காருக்கு நீலம் அடிப்பார், அந்தக் காலணா இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

என்ன காது அவளுக்கு! என்ன துணிச்சல்!

இதை ஒரு நாளும் அவள் முகத்துக்கு நேராக நான் சொன்னதில்லை. அதனால் இந்தப் பதிவைப் பேரனிடம் லூர்துக்கு டேக் பண்ணச் சொல்லியிருக்கிறேன். (ஆமாம், அவளும் இங்கேதான் இருக்கிறாள். என் போட்டோவுக்கு ஒரு லைக் கூடப் போட்டதில்லை!)

நாத்தனாரைப் பாராட்ட எனக்கு முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. உங்களுக்கு எப்படி?