நாற்பது பவுண்டு

ராயபுரம் சௌக்கத் அலி பர்மா எண்ணெய்க் கிணறுகளில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். சண்டை வந்தபோது காடு மலையெல்லாம் நடந்து ஊர் திரும்பினார். இங்கே எண்ணெய்க் கிணறு ஏது? ஆலைகளுக்குத் தண்ணீர்க் குழாய் இறக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துகொண்டார்.

ஐம்பத்து நாலில் எண்ணூரில் ஒரு ஆலைக்குத் துளை போட்டார்கள். முதல் இருநூறு அடிக்கு இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்டு ஊற்றியாயிற்று. மேற்கொண்டு தோண்டுவதற்கு முன் சௌக்கத் அலி குழாய் வாயிலிருந்த வால்வை மூடி, தோண்டும்போது துளையில் நிரப்பி வைக்கும் சேற்றை மெல்ல உள்ளே அழுத்திப் பார்த்தார். அழுத்தம் காட்டும் கேஜ் முள் நாற்பது பவுண்டில் நின்றுவிட்டது. அதற்கு மேல் அழுத்தினால் சேறு மண்ணுக்குள் போயிற்று. தகரக் கொட்டகையில் சாக்கட்டியால் '40' என்று எழுதி வைத்தார்.

ஐந்நூறு அடியில் ஒரு காலை சேறு கொப்பளித்தது. அடியிலிருந்து வாயு. அவர் ஓடிப்போய் வால்வை மூடினார். முள் முப்பத்தெட்டைத் தொட்டதும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

இன்ஜினியர் லோகநாதன் பதறிக்கொண்டு வந்தார். "ஏன் பாய் திறக்கறீங்க? குழாய் இருநூறு பவுண்டு தாங்குமே. இறுக்கி மூடுங்க."

"குழா தாங்கும் சாரே. அது முடியற எடத்துல மண்ணு தாங்காது. நாப்பதத் தாண்டுனா காத்து மண்ணப் பொளந்துகினு நம்ம காலாண்ட வரும். அத்த மூட இன்னா வால்வு கீது?"

லோகநாதன் தரையைப் பார்த்தார். "சரி. என்ன பண்ணணும்?"

அடியிலுள்ள வாயுவை அமுக்க, கனமான கல் தூளைச் சேற்றில் கலந்து இறக்கினார்கள். அது குழாயில் நிறைந்ததும் சௌக்கத் அலி நாற்பதை அழித்து முப்பது என்று எழுதினார்.

"கனச் சேறு போட்டா வரம்பு கூடத்தானே வேணும்?"

"மண்ணு தாங்கறது அதேதான் சாரே. உள்ள பாரம் ஏறிச்சு, மேல நாம அழுத்தற பங்கு கொறைஞ்சிச்சு."

மத்தியானத்துக்குள் முள் பூஜ்யத்துக்கு வந்தது. லோகநாதன் தாமே போய் டீ வாங்கிவந்தார். இருவரும் குழாய் அடுக்கின்மேல் உட்கார்ந்து குடித்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் மனைவி தாஹிரா கேட்டாள்: "இன்னாங்க, லுங்கியெல்லாம் ஒரே சேறு?"

"காத்து கொஞ்சம் பேஜாரு பண்ணிச்சு. இன்னும் ரெண்டு மீனு வையி."

இரண்டு வாரத்தில் தண்ணீர் வந்தது. சௌக்கத் அலி ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். தாஹிரா குடித்துவிட்டு, லேசாக உப்பு கரிக்கிறது என்றாள். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொரு வாய் குடித்தார்.