இரவல் தகரம்

கள ஆய்வுக்கு வருபவர் வீட்டின் வழக்கமான நிலையைத்தான் எழுத வேண்டும், ஆய்வு நாளின் அலங்காரத்தை அல்ல. அப்படி ஒரு விதி உண்டு. பெரம்பலூரில் ஒன்றிய அலுவலகத்தில் இருந்தபோது அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியவனே நான். அதை ஒருவரும் படிக்கவில்லை என்பதை என் ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டு மனுவில் தெரிந்துகொண்டேன்.

பூலாம்பாடியில் அவளுக்கு ஒரு கூரைக் குடிசை. அரசு கட்டித்தரும் வீட்டுக்கு மனுப் போட்டிருந்தாள். பார்க்க ஆள் வருகிறார் என்று முதல் நாளே சேதி வந்ததும், பக்கத்துக் காட்டுக்காரரின் மக்காச்சோளக் கொட்டகையிலிருந்து ஆறு தகரங்களை இரவல் வாங்கிக் கூரைமேல் போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டாள். வந்தவர் மோர் குடித்தார். தகரக் கூரை, நல்ல நிலை, ஒழுகல் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். மாதம் பங்குனி. மனு தள்ளுபடி.

அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்.

"ஆபீசரு வூட்டுக்கு வராருன்னா ஓட்டக் கூரைக்குக் கீழயா உக்கார வெக்கிறது? நம்ம மானம் என்னத்துக்குண்ணே ஆவும்?"

தகரங்களை மறுநாள் காலையே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். நாணயமானவள்.

தபால் வழியில் படித்த தத்துவ எம்.ஏ. ஓய்வுக்குப் பிறகாவது உதவட்டும் என்று மேல்முறையீட்டை நானே எழுதினேன். பொருளின் பண்புகளைத் தத்துவக்காரர்கள் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். சில பண்புகள் போனால் பொருளே போய்விடும். சில வந்து போகும். தகரம் அந்த வகை, அதுவும் ஒரு நாள் விருந்தாளி. வெளியே தெரியாமல் உள்ளே கிடக்கும் பண்பும் உண்டு. வெங்காயம் மூட்டையில் கிடக்கும்போதும் கண்ணைக் கரிக்கக்கூடியதுதான். பங்குனி வெயிலிலும் அந்தக் கூரை ஒழுகக்கூடிய கூரைதான். நான்கு பக்கம், மூன்று பிரதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால்.

பிரிவு எழுத்தர் போனில் அழைத்தார்.

"சார், எங்க படிவத்துல கூரை, தகரம், ஓடு, காங்கிரீட்டுன்னு நாலு கட்டந்தான் இருக்கு. ஒழுவக்கூடியதுன்னு எதுல டிக் அடிக்கிறது?"

ஐந்தாவதாக ஒரு கட்டம் போடலாமே என்றேன். அதற்குச் சென்னையிலிருந்து உத்தரவு வர வேண்டுமாம்.

ஐப்பசி மழைக்குச் சென்னையின் உத்தரவு தேவைப்படவில்லை. அவள் களை எடுக்கப் போயிருந்த நேரத்தில் குடிசை சுவரோடு உட்கார்ந்துவிட்டது. அதையும் எழுதி அனுப்பினேன். மறு ஆய்வுக்கு வந்தார்கள். இந்தமுறை மோர் கொடுக்க இடமில்லை.

மறு ஆய்வில் மேற்படி இடத்தில் வீடு எதுவும் காணப்படாததால் குடிசை என வகைப்படுத்த இயலவில்லை என்று பதில் எழுதினார்கள். பொருள் இல்லாமல் பண்பு நிற்குமா என்ற வழக்கு தத்துவத்தில் இன்னும் முடியவில்லை. அலுவலகத்தில் முடிந்துவிட்டது. அவள் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. பதில் என் கைக்கு வந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்.