முட்டைக் கூலி

எங்கள் வீட்டில் நாய் வளர்க்க வேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை. வீடும் பண்ணையும் ஒரே தோட்டங்காட்டுக்குள். ஷெட்டுப் பக்கம் கீரியும் தெருநாய்களும் வருகின்றன, காவலுக்கு ஒன்று வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். மேச்சேரியில் என் நாத்தனார் வீட்டில் ஆட்டுப்பட்டி காக்கிற நாய் குட்டி போட்டிருந்தது. அதில் கறுப்பாக ஒன்றைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். இறக்கும்போதே ஒரு சட்டமும் போட்டார்.

"இதுக்கு என்னத்த வேணும்னாலும் போடு. முட்டை மட்டும் காட்டிராத. ருசி கண்டுருச்சுன்னா ட்ரேயில வாய் வெக்கப் பழகிரும். அப்பறம் அன்னைக்கே மேச்சேரிக்கு வண்டியேத்திருவேன்."

கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. வீட்டுக்கு வருகிற விருந்தாளி தெரியாமல் நாய்க்கு ஒரு துண்டு ஆம்லெட் போட்டால்கூட முகம் மாறிவிடும். நான் எதற்கு நாய்க்கு முட்டை போடப்போகிறேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு நாயே பிடிக்காது.

வந்த வாரமே அவன் குணம் தெரிந்துவிட்டது. பண்ணையைக் காப்பதில் அவனுக்கு அக்கறை இல்லை, வீட்டுச் சாமான்கள் மேல்தான் கண். செருப்பைத் தூக்குவான், அதுவும் ஒற்றைச் செருப்பை. பாத்திரம் தேய்க்கிற நார், டிவி ரிமோட், கொடியில் காய்கிற பனியன், கரண்டி. எதையும் கடித்துக் கிழிக்க மாட்டான். தூக்கிக்கொண்டு ஓடிப்போய் டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு நம்மைப் பார்ப்பான். நான் குனிந்தால் அந்தப் பக்கமாக வெளியே போவான். இடுப்பு வலியோடு நான் அந்தப் பக்கம் சுற்றி வந்தால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். "அட நாசமாப் போறவனே" என்று நான் கத்தக் கத்த அவனுக்கு வால் ஆடும்.

கரண்டிக்காம்பில் வேப்பெண்ணெய் தடவினேன். அவன் அதை நக்கிவிட்டுக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனான். செருப்பில் மிளகாய்ப்பொடி தூவினேன். அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு போன என் வீட்டுக்காரர் சாயங்காலம் வரைக்கும் காலைச் சொறிந்துகொண்டிருந்தார். காரணத்தை நான் சொல்லவில்லை.

கோழிகளைப் பார்க்க ஒரு கால்நடை டாக்டர் வருவார், சின்ன வயசு. அவரிடம் கேட்டேன்.

"தொரத்தாதீங்க்கா. தொரத்துனா வெளையாட்டுன்னு நெனச்சுக்கும். அதுக்கு ரொம்பப் புடிச்சது எதாச்சும் கையில காட்டுங்க, 'உடு'ன்னு சொல்லுங்க. வாயில இருக்கறத உட்டுட்டு இத வாங்கிக்கும். அப்படியே பழகிரும்" என்றார்.

பிஸ்கட்டைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். தயிர்சோற்றை உருட்டிக் காட்டினேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து என் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதிரில் நிற்பது ஆளா மரமா என்று தெரியாது. வீட்டுக்காரருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்காக அவித்த முட்டை ஒன்றை அப்போதுதான் உரித்து முடித்திருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே ஓடினேன். டிரெய்லருக்கு அடியில் குனிந்து "உடுடா" என்றேன். மூக்கு இரண்டு தடவை அசைந்தது. கண்ணாடியை மெல்ல மண்ணில் வைத்துவிட்டு, தவழ்ந்து வந்து என் கையிலிருந்து முட்டையை வாங்கிக்கொண்டான். பல் என் விரலில் படவே இல்லை.

பண்ணையில் விரிசல் விட்ட முட்டைகள் லாரியில் ஏறாது, அவை வீட்டுக்கு வந்துவிடும். எனவே முட்டைக்குப் பஞ்சமில்லை. தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் ஒரே கவலை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேகவைப்பேன், உள்ளேயே உரிப்பேன், முட்டையோட்டைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்குழியின் அடியில் புதைப்பேன். அந்த மிளகாய்ப்பொடியை விட்டால், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான். அதுவும் ஒரு நாய்க்காக. நினைத்தால் எனக்கே கேவலமாக இருந்தது.

வைத்தியம் நன்றாகத்தான் வேலை செய்தது. டிரெய்லருக்கு அடியில் ஓடுவதை அவன் அடியோடு நிறுத்திவிட்டான். பொருளை எடுத்ததும் நேராகச் சமையலறைப் படிக்குக் கொண்டுவந்து, என் காலடியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து அடுப்பைப் பார்ப்பான். வீட்டில் எடுக்க ஒன்றும் இல்லாதபோது வெளியே போனான். பண்ணையில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பிலிருந்து சின்னக் குழந்தையின் சீப்பு வந்தது. ஒரு நாள் அதே குழந்தையின் அம்மாவுடைய குக்கர் விசில் வந்தது. விசில் இல்லாத குக்கரை வைத்துக்கொண்டு அந்தப் பெண் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறாளோ என்று பதறிப்போய், முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போய் அவள் வாசலில் போட்டுவிட்டு வந்தேன். நான் திரும்பி வருவதற்குள் படியில் ஒரு பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அக்கா, நீங்க திருட்ட நிறுத்தலீங்க. வேலைக்கு வெச்சுக் கூலி குடுத்திருக்கீங்க. வெறும் வாயோட வந்து உக்காந்தான்னா அப்பக் குடுங்க."

அதையும் செய்துபார்த்தேன். வெறும் வாயோடு வந்தவனைக் கூப்பிட்டு முட்டையை நீட்டினேன். முட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து விறுவிறுவென்று போய் ஒரு துடைப்பத்தை இழுத்துக்கொண்டு வந்து வைத்தான். பிறகுதான் வாங்கிக்கொண்டான். சும்மா தின்ன அவனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் சிரிப்பார்.

முட்டை ஏற்ற லாரி வந்திருந்த ஒரு பகல் நேரம். முட்டை ரூம் வாசலில் ட்ரேக்களை அடுக்கி வைத்து ஆட்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைப் படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து "ஏய், ஏய்" என்று சத்தம். நிமிர்ந்தால் இவன் தலையைத் தூக்கிக்கொண்டு, நிதானமாக, களத்தின் நடுவில் நடந்து வருகிறான். வாயில் ஒரு முட்டை. பின்னால் என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வருகிறார். அவருக்குப் பின்னால் லாரி டிரைவரும் ஏற்றுகிற ஆட்களும், வேடிக்கை பார்க்க.

யாரையும் திரும்பிப் பார்க்காமல் வந்து, என் காலடியில் முட்டையை வைத்தான். கீறல்கூட இல்லை. உட்கார்ந்தான். என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான்.

என் வீட்டுக்காரர் முதலில் முட்டையைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இது எதுக்கு அடுப்பப் பாக்குது?"

எனக்குப் பொய் சொல்ல வராது. நல்ல பொய்யாக ஒன்று கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேன், அந்த நேரத்துக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடியில் ஆரம்பித்து. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை எடுத்து மேச்சேரிக்குப் போட்டார்.

"மாப்ள, பொழுதோட வாரேன். நாயக் கொண்டாரேன். சங்கிலி ஒண்ணு எடுத்து வெய்யி."

சங்கிலி என்ற வார்த்தை வரைக்கும் நான் சும்மாதான் இருந்தேன். அதற்கப்புறம் எனக்கு எங்கிருந்து வந்ததோ, வெங்காயத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அவனக் கொண்டுபோனீங்கன்னா நானும் அந்த வண்டியிலயே ஏறிக்கறனுங்க. காய் வாங்குனா பைய வண்டியிலயே மாட்டிட்டு ஷெட்டுக்குப் போயிருவீங்க. மக பெங்களூர்ல இருந்து சேலை எடுத்தா கூரியர்ல வரும். எதக் கேட்டாலும் 'அங்க இருக்குது, எடுத்துக்க'. இந்த ஊட்டுல ஒரு பொருளத் தூக்கியாந்து, இந்தா உனக்குன்னு எங்கிட்டக் குடுத்தது அவன் ஒருத்தன்தானுங்க. திருட்டுச் சாமானோ என்ன கருமமோ, எனக்குன்னுதான கொண்டாந்தான்!"

இப்படி ஒன்றைப் பேசுவேன் என்று பேசுகிற வரைக்கும் எனக்குத் தெரியாது. கண்ணில் நீர் கொட்டியது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் அது வெங்காயம் இல்லை. அத்தனை ஆம்பிளைகள் முன்னால் நின்று நான் அழுதேன். போனில் நாத்தனார் வீட்டுக்காரர் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

லாரி டிரைவருக்குத் தர்மசங்கடம். நாயைத் தடவிக்கொடுத்து, "முட்டையா சாமி வேணும்? இரு, ஒடச்சு ஊத்தறேன்" என்று கீழே கிடந்த முட்டையை எடுக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்று என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் டிரைவர் இரண்டடி பின்னால் போனார்.

என் வீட்டுக்காரர் குந்தவைத்து உட்கார்ந்து முட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாயின் மூக்குக்கு நேராக நீட்டினார். அவன் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. கொடுத்தாயிற்று, இனி அதில் அவனுக்கு வேலை இல்லை. அவன் கண் அடுப்பிலேயே இருந்தது.

"நீ ஓட்டோட காட்டிருக்கறயா அவனுக்கு?"

"இல்லீங்க. உங்குளுக்குத் தெரியக்கூடாதுன்னு உள்ளயே உரிச்சுருவேன்."

"இதுக்குள்ளதான் அவன் திங்கறது இருக்குதுன்னு இவனுக்குத் தெரியாது" என்றார். "செருப்பு மாதிரி, சீப்பு மாதிரி, இதுவும் ஒரு சாமான்னு எடுத்தாந்திருக்கறான்." போனைக் காதில் வைத்து, "மாப்ள, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு எழுந்து, முட்டையை வேட்டியில் துடைத்து, என் கையில் வைத்தார்.

"கதவச் சாத்திக்கிட்டு வேக வெய்யி. ஓட்ட மட்டும் அவன் கண்ணுல காட்டிராத."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தண்ணீரை அடுப்பில் வைத்து முட்டையைப் போட்டேன். ஆட்கள் லாரிப் பக்கம் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. இவர் போகவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார் என்பது கதவு ஆடியதில் தெரிந்தது. கொஞ்சம் கழித்து நாயிடம் பேசினார், சின்னக் குரலில், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

"உங்கம்மாளுக்கு மட்டுந்தானாடா? எனக்கு இந்த ஊட்டுல யாருடா கொண்டாந்து குடுக்கறாங்க? எனக்கும் ஒண்ணு கொண்டாடா சாமி."

நான் அவருக்கென்று இன்னொரு முட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.